வலது ஷூ

தங்கையா அண்ணாச்சிக்கு இரண்டு பாதமும் மரத்துப்போய் ஆறு மாதமாகிறது. மனைவி சொர்ணத்துக்குத் தெரியாது. தெரிந்தால் மளிகைக்கடையில் உட்கார விடமாட்டாள். இன்று ஜிம்முக்கும் சின்ன ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஷூவாக வாங்க அவளே அவரைச் செருப்புக்கடைக்கு இழுத்து வந்திருந்தாள். சரக்கைத் தொடாமலே குறை சொல்லிப் பழகியவருக்கு, காலில் உணராத ஷூவுக்குக் குறை சொல்வது என்ன பெரிய வேலை? “இடது லேசா கடிக்குதுப்பா” என்றார். “வலதுங்க அண்ணாச்சி?” என்றார் விற்பனைக்காரர். அண்ணாச்சி இரண்டு குதி குதித்துக் காட்டினார். “அளவெடுத்துத் தச்ச மாதிரியில்ல இருக்கு!” சொர்ணம் குனிந்து வலது ஷூவைக் கழற்றினாள். விரல் பக்கத்தில் திணித்திருந்த காகிதம் உருண்டையாக வெளியே விழுந்தது. விற்பனைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் கால் கட்டைவிரலைக் கைக்குள் பொத்திக்கொண்டு, “வலிக்குதா?” என்று கேட்டாள். கிள்ளுகிறாளா, சும்மா பிடித்திருக்கிறாளா என்று தெரியாமல், விலை படியுமா என்று கடைக்கு வந்தவன் முகத்தைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.