நாற்பது நிமிடத் தாமதம்

“இன்னைக்கும் எந்திரிக்கலையா?” கொட்டாவியோடு கூடத்துக்கு வந்தான் கணவன்.

“உங்க அப்பாவைக் கேக்குறீங்களா, என் ஹார்ட் டிஸ்க்கைக் கேக்குறீங்களா? ரெண்டும்தான் எந்திரிக்கலை.”

டிவிக்குப் பக்கத்து மேசையில் அவளுடைய கம்ப்யூட்டர். அதை ஒட்டி, இரண்டு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வைக்கும் பெட்டி. ஓய்வு நேரத்தில் அவள் செய்துகொடுக்கும் போட்டோ ஆல்பங்கள் எல்லாம் அதற்குள்தான். ஒரு மாதமாக, சுவிட்ச் போட்டபடியே கிடந்தாலும் காலையில் அதன் விளக்கு எரிவதில்லை. ஆறு பத்துக்கு வந்து உட்காருபவளை நாற்பது நிமிடம் காக்கவைத்துவிட்டு, தானாக உறுமிக்கொண்டு கிளம்பும். மாலையில் மட்டும் சமர்த்து.

“தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேன்.”

“அதுவும் இப்படிப் பண்ணாதுன்னு என்ன நிச்சயம்? இதை நம்பித்தானே இன்னைக்கு வேலையை விடப் போறேன்?”

ராஜினாமாக் கடிதம் மேசையிலேயே இருந்தது. பன்னிரண்டு வருட வேலை. மூன்று மாதத்துக்கு முன் மாமனார் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். அவரோ, அறைக்குள்ளேயே இருக்கும் குளியலறையைத் தாண்டி ஓரடி வைக்க முடியாது என்றார். பகலில் கட்டிலருகே சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இருவரும் ஆபீஸ் போனார்கள். யாராவது ஒருவர் வீட்டோடு இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்ற பேச்சே எழவில்லை.

“அம்மா, கொஞ்சம் தண்ணி…” அறையிலிருந்து ஈனக்குரல்.

“இதோ வர்றேன் மாமா!”

கொடுத்துவிட்டு வந்து நோட்டைப் புரட்டினாள். கேபிளை மாற்றியாயிற்று. அடாப்டரை மாற்றியாயிற்று. ஒரு டிஸ்க்கைக் கழற்றியும் பார்த்தாயிற்று. மிச்சம், பெட்டி கிளம்பிய நேரங்கள்தான்: 6.52, 6.50, 6.55. ஞாயிறு மட்டும் 8.30.

“ஞாயித்துக்கிழமைன்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியற மாதிரிதான்.” டிவிக்கு மேல் தட்டிலிருந்து ரிமோட்டை எடுத்து, செய்தி போட்டான் கணவன்.

பெட்டி உறுமியது.

“அணைங்க!”

அடங்கியது.

“போடுங்க!”

உறுமியது.

மேசைக்குப் பின்னால் குனிந்தாள். “போன மாசம் வாங்கி மாட்டினீங்களே, இந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இதுக்கு என்ன விசேஷம்?”

“அதுவா? கரன்ட் மிச்சம். டிவியை அணைச்சா, அதுல இருக்கற மத்ததெல்லாம் தானா அணைஞ்சிடும்.”

“என் பெட்டியையும் அதுலயே செருகிட்டீங்க! நீங்க எந்திரிச்சு டிவி போட்டாத்தான் அது எந்திரிக்கும். அது நல்லாத்தான் இருக்கு, சோம்பேறி நீங்கதான்!”

பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் செருகினாள். ஐந்தே வினாடியில் பச்சை விளக்கு.

“அப்புறமென்ன, தைரியமா லெட்டரைக் குடு,” என்றான்.

“இருங்க, ஒரு தடவை சரிபார்த்துடறேன்.”

இரவு பகலாக ஓடும் அவள் கம்ப்யூட்டர், பெட்டி கிளம்பிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறித்துவைத்திருந்தது. அவள் கணக்கு சரியென்றால், டிவி ஓடிய நேரம்தான் அதில் இருக்க வேண்டும். காலை ஏழு, சரி. இரவு எட்டு, சரி. நடுவே இருந்த வரியில் விரல் நின்றது.

நேற்று, பகல் 11.02 முதல் 3.58 வரை. முந்தாநாள், 11.00 முதல் 4.05 வரை. அதற்கு முந்தைய நாளும் அப்படியே.

“பகல்லயா? நாம ரெண்டு பேரும் ஆபீஸ்லல்ல இருக்கோம்…” கணவன் அப்பாவின் அறைப் பக்கம் திரும்பினான்.

“அம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணி…”

அவள் கடிதத்தை நிதானமாக நான்காகக் கிழித்தாள்.

“ஃப்ரிட்ஜ்ல இருக்கு மாமா. ரிமோட் இருக்கற தட்டுக்குப் பக்கத்துலதான், உங்களுக்கு வழி தெரியுமே!”