ஐம்பத்தொன்றாம் பக்கம்

“கோர்ட்ல ஒரு கேஸை நான் உட்கார்ந்த இடத்துலயே ஜெயிச்சிருக்கேன். எதிர்த்தரப்பு வக்கீலே எழுந்து நின்னு எனக்கு ஜெயிச்சுக் குடுத்தாங்க” என்றார் ஓய்வு பெற்ற வக்கீல், ஏதோ பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததைச் சொல்கிற மாதிரி.

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்குக்கண்ணாடி விற்றே முடி நரைத்தவர் அவர். கண்ணைப் பார்த்தே பவர் சொல்லிவிடுவார், பொய்யையும் அப்படித்தான். இப்படிப் புளுகுகிற ஆளையா சம்பந்தியாக்கிக்கொள்வது?

சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் அவர் வந்திருந்தார். அவருடைய ஒரே மகளும் இந்த வீட்டுப் பையனும் வக்கீல்கள். போன வாரம் ஒரே வழக்கில் எதிரெதிராக நின்று, நீதிபதி காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு மோதிவிட்டு, சாயங்காலமே ஜோடியாக வந்து கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம் என்று நின்றார்கள். கோர்ட்டில் ஆரம்பிக்கிற சண்டை சமையலறை வரைக்கும் வந்தால், பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு அல்லவா திரும்பி வருவாள்? இதை அவர் சொல்லி முடிப்பதற்குள்தான் வக்கீல் அந்தக் குண்டைப் போட்டார்.

“இவர் சொல்றதுல பாதியைக் கழிச்சிடுங்க. மிச்சத்தையும் நம்பாதீங்க” என்றார் வக்கீலின் மனைவி, ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடி. காலேஜில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர் என்று மகள் சொல்லியிருந்தாள். இந்த வீட்டில் நம்பத் தகுந்த ஆள் இவர் ஒருவர்தான் என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு கட்டினார்.

வக்கீல் அசரவில்லை. ஒரு வீட்டுக் கொய்யாமரம் மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் கிளை நீட்டிவிட்டது. பழம் யாருக்கு என்பதுதான் வழக்கு. மரக்காரருக்கு ஆஜரான வக்கீல் ஒரு சிங்கமாம். எழுந்து தொண்டையைச் செருமினாலே வாசலில் நிற்கிற சைக்கிள்களெல்லாம் வரிசையாகச் சாயுமாம். கண்ணாடிக்கடைக்காரரின் மனக்கண்ணில் முறுக்கு மீசையோடு ஆறடி ஆள் ஒருவர் வந்து நின்றார்.

அடுத்த வீட்டுக்காரருக்காக வந்த நம் வக்கீலின் கையில் சாதகமாக ஒரு தீர்ப்புகூட இல்லை. இருந்தது சட்டக் கல்லூரி இதழ் ஒன்றில் வந்த பழைய கட்டுரை மட்டும்தான். கிளை யார் வீட்டுக்குள் இருக்கிறதோ பழமும் அவர்களுக்கே என்று அது அடித்துச் சொன்னது.

“கட்டுரையைக் கோர்ட்ல மேற்கோள் காட்டறதுக்கு ஒரு முறை இருக்குங்க” என்று வக்கீல் விரலை மடக்கினார். “எழுதினவர் பேர், தலைப்பு, இதழ், தொகுதி, வருஷம். அந்த இதழ்ல மாணவர்கள் எழுதினா பேர் போட மாட்டாங்க, வெறும் ‘மாணவர் குறிப்பு’தான். அதோட விட்டாப் போதாது. கட்டுரை ஆரம்பிக்கிற பக்கம், நாம சொல்ற வரி இருக்கற பக்கம், ரெண்டையும் சொல்லணும். நான் சொன்னேன், ஆரம்பம் நாப்பத்தி நாலு, வரி இருக்கறது அம்பத்தி மூணு.”

“அம்பத்தொண்ணு” என்றார் மனைவி, ஆரஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பாத்தீங்களா? அத்தனை தடவை கேட்டிருக்கா.”

“கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

அப்போது சிங்கம் சிலிர்த்துக்கொண்டு எழுந்ததாம். பேரில்லாத குறிப்பெல்லாம் ஒரு மேற்கோளா, எவனோ மீசை முளைக்காத பையன் கிறுக்கியது, கடலை மடிக்கக்கூட லாயக்கில்லை என்று நார் நாராகக் கிழித்துத் தோரணம் கட்டியது. நீதிபதி இதழை வாங்கி ஐம்பத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். வக்கீல் சொன்ன வரி அங்கே இல்லை. அவருக்கு வழிந்த வியர்வையில் கோர்ட்டுக்குள் படகு விட்டிருக்கலாம். இல்லாத வரியைச் சொன்னவன் என்று பேர் வாங்கியாயிற்று, இனி தொழில் அவ்வளவுதான் என்று நாற்காலியில் சரிந்துவிட்டார்.

“அங்கதாங்க சிங்கத்துக்குப் பொறுக்கல. யாராவது பக்கத்தைத் தப்பாச் சொன்னா அவங்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். புத்தகத்தைத் தொடாமலே, ‘அம்பத்தி மூணு இல்ல, அம்பத்தொண்ணு, கடைசிப் பத்தி’ன்னுட்டாங்க.”

கடலை மடிக்கக்கூட லாயக்கில்லாத காகிதத்தைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். இதை எழுதினது நீங்களா என்று நீதிபதி கேட்டார். சிங்கம் ஆமாம் என்று தலையை ஆட்டியது. அன்றைக்கு எழுதினது சரியா, இன்றைக்குப் பேசுகிறது சரியா என்றார் நீதிபதி. சிங்கம் மெல்ல உட்கார்ந்துவிட்டது. கொய்யாப்பழம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

“கதை நல்லாத்தான் கட்டறார்” என்றார் மனைவி.

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிரிப்பு முட்டியது. உடனே வந்த காரியம் ஞாபகம் வந்தது. “அதைத்தானே நானும் சொல்றேன். அத்தனை பேர் முன்னாடி தோத்தவர், அப்புறம் உங்களோட முகம் குடுத்துப் பேசியிருப்பாரா?”

“சண்டை இன்னும் ஓயலைங்க. ஆனா ஒருநாள்கூட என்னோட பேசாம இருந்ததில்ல.”

இதையும் நம்புவதா? கண்ணாடிக்கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். “நீங்க சொன்னா நம்பறேம்மா. எம்பொண்ணு வாழ்க்கை இது. இப்படியெல்லாம் நிஜமாவே நடந்துதா?”

அவர் உரித்த ஆரஞ்சை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார். அன்று முதல் தடவையாக வக்கீல் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“நடந்ததுதான் சம்பந்தி. நான் காலேஜுக்குப் பாடம் எடுக்கப் போனது அதுக்கு அப்புறம்தான். அந்தச் சிங்கம் நான்தான்.”