முருங்கையடிக் கல்லறை

மீமிசலில் ஒரு வார வேலையை முடித்துக்கொண்டு ஆவூர் திரும்பிய பால்ராஜ், செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போனான். அவன் செல்லமாக வளர்க்கும் டரான்டுலாவின் கண்ணாடித் தொட்டியில் மரப்பட்டை மட்டும் நின்றது. உள்ளங்கை அகலச் சிலந்தியைக் காணோம்.

“பிரின்சி, ராணி எங்க?”

“எனக்கென்னங்க தெரியும்?” மனைவி அவன் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்தாள்.

ராணி வந்த நாளிலிருந்தே, ‘ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்’ என்றவள் அவள். பால்ராஜ் விறுவிறுவென்று கொல்லைக்குப் போனான். முருங்கை மரத்தடியில் புது மண்மேடு. அதன்மேல் ஈர்க்குச்சிச் சிலுவை.

“கொன்னுட்டியா?”

பின்னாலேயே வந்த பிரின்சி அழுதுவிட்டாள். “சத்தியமா இல்லங்க. நீங்க போன மறுநாளே காலைச் சுருட்டிக்கிட்டுச் செத்துக் கெடந்துச்சு. பாவமேன்னு இடுக்கியால எடுத்து, கோயில் தீர்த்தம் தெளிச்சுப் பொதைச்சேன். என்னையச் சந்தேகப்படுவீங்கன்னுதான் சொல்லல.”

பால்ராஜ் நம்பவில்லை. மண்ணைக் கிளறி எடுத்தான். கையில் கனமே இல்லை.

“அடிப்பாவி! இது வெறும் தோலு. பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி ராணி உரிச்சுப் போட்டிருக்கு. அது பட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருந்திருக்கும்.”

“அப்ப நான் பொதைச்சது ராணி இல்லையா?”

“இல்ல. தொட்டி மூடி எங்க?”

“செத்துப்போச்சேன்னு அரிசிப் பானைக்குப் போட்டுட்டேன்.”

“மரத்துல வாழ்றதுடி அது. ஒசரம் பாத்துத்தான் ஏறும். இந்நேரம் கட்டிலுக்கு மேல பரண்ல இருக்கும்!”

பிரின்சி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சனியன் ஒழிஞ்சுச்சுன்னு இத்தனை நாளும் அந்தப் பரணுக்கு நேர் கீழதாங்க நிம்மதியாத் தூங்குனேன்!”