நான்கு பேருக்கான யீ சாங்

ஜொகூர் பாருவில் புதிதாகத் திறந்திருக்கும் உணவகம். சீனப் புத்தாண்டுக்காகத் தொங்கும் சிவப்பு விளக்குகளின் கீழே என் வெள்ளை மீசைகூட வெட்கப்பட்டதுபோல் சிவந்து கிடக்கிறது. மேசையில் நான்கு பேருக்கான யீ சாங். பச்சை மீனையும் சீவிய காய்களையும் எல்லோரும் எழுந்து நின்று, வாழ்த்தைக் கூவியபடி சாப்ஸ்டிக்கால் தூக்கிக் கலக்க வேண்டும். எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிர்ஷ்டம். தட்டு வந்த பிறகுதான் என் மகன் ரயன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான், குடும்பத்தோடு வர முடியாது என்று. பரிமாறும் லோஷினிக்கு அது தெரியாது. "இன்னும் வரலையா அங்கிள்?" "சிங்கப்பூர் பாலத்துல ஒரே டிராஃபிக் ஜேம் மா. போன வருஷம் அந்த ஜேம்ல ஒரு பிள்ள பொறந்து, இமிக்ரேஷன் வர்றதுக்குள்ள நடக்கவே ஆரம்பிச்சிருச்சு." "அலமாக், கதை விடாதீங்க லா!" என்று சிரித்தவள், பக்கத்து மேசைக்கு நாற்காலி கேட்கிறாள். இரண்டைக் கொடுக்கிறேன். எதிரில் இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். "இது ரயனுக்கு." பக்கத்து மேசையில் வாழ்த்துக் கூச்சல் கிளம்புகிறது. நானும் எழுந்து, கைக்கொரு ஜோடி சாப்ஸ்டிக்கோடு, முடிந்த மட்டும் உயரத் தூக்குகிறேன். சீவிய காரட் எதிர் நாற்காலியில் போய் விழுகிறது. "பாரும்மா, எப்பவும் இப்படித்தான் சிந்துவான்." லோஷினி இப்போது சிரிக்கவில்லை. மேசையில் அடிக்காமல் கிடக்கும் என் போனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். பிறகு குனிந்து நாற்காலியைத் துடைக்கிறாள். "பாத்து ரயன் அண்ணே," என்கிறாள் அதனிடம், "புது நாற்காலி லா."