பேசாத பாடம்

“குறை சொல்றதை விட்டுட்டு ஒழுங்கா உட்கார்ந்து படிங்க தம்பி. நானும் கண்ணு தெரியாதவதான். எனக்குக் கம்ப்யூட்டர் பாடத்தை வாசிக்குது. உங்களுக்கு மட்டும் ஏன் வாசிக்கல?”

சொல்லிவிட்டு மி-ரான் போனை வைத்துவிட்டாள்.

பார்வையற்றவர்கள் மென்பொருள் எழுதக் கற்றுக்கொள்வதற்கென்றே தேஜோன் நகரில் அவள் வேலை பார்த்த நிறுவனம் ஓர் இணையதளம் நடத்தியது. கணினி பாடத்தை உரக்க வாசிக்கும், கேட்டே படிக்கலாம். ஒவ்வொரு பாடத்தையும் மி-ரான் கேட்டுப் பார்த்து, சரி என்று சான்று கொடுத்த பிறகுதான் வெளியிடுவார்கள். அவள் சொல்லும் திருத்தம் மறுநாளே நடந்துவிடும். மி-ரானைக் கேட்காமல் இங்கே ஓர் எழுத்துகூட வெளியே போகாது என்று இயக்குநர் எல்லார் முன்னிலையிலும் சொல்வார். அதில் அவளுக்குப் பெருமை.

போனில் பேசியவன் மொக்போவிலிருந்து கில்-சூ. அந்த நாட்டில் பார்வையற்றவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மசாஜ் நிலைய வேலையைப் பார்த்தவன். கண் தெரியாவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவர் தோளைப் பிடித்துவிடத்தான் வேண்டுமா என்று, வேலையை விட்டுவிட்டு இந்த இணையதளத்தில் படிக்கச் சேர்ந்திருந்தான். பாடம் வாசிக்கவே மாட்டேன் என்கிறது என்று பலமுறை புகார் செய்துவிட்டான். மி-ரானும் மசாஜ் வேலையிலிருந்து வந்தவள்தான். தானாகக் கற்று மேலே வந்தவளுக்கு, அவன் சாக்குச் சொல்வதாகவே பட்டது.

சில வாரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

“நீங்க சொன்னது சரிதான் அக்கா. எனக்குத்தான் மூளை பத்தல. பழைய இடத்துலயே வரச் சொல்லிட்டாங்க. சொல்லாம போகக் கூடாதேன்னு கூப்பிட்டேன்.”

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. கடைசியாக ஒருமுறை பாடத்தைத் திறந்து, போனைக் கணினிப் பக்கம் வைக்கச் சொன்னாள்.

“படம். பட்டன். பட்டன். படம்.”

திரையில் படம் இருக்கிறது, பட்டன் இருக்கிறது என்று மட்டும் கணினி சொன்னது; பாடத்தில் ஒரு சொல்கூட வரவில்லை.

அவன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். இருந்தாலும் மனசு கேட்காமல், வேறொரு பெயரில் பதிவு செய்து தன் கணினியிலேயே அந்தப் பாடத்தைத் திறந்தாள்.

“படம். பட்டன். பட்டன். படம்.”

நேரே தோங்-உக்கிடம் போனாள். இணையதளத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன் அவன்தான். என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்.

“எல்லாருக்கும் திருத்திக்கிட்டிருந்தா நாளாகும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க மேடம். உங்க பேர்ல உள்ளே வந்தா மட்டும் வாசிக்கும். சான்று தர்றது நீங்க ஒருத்தர்தானே.”