நாற்காலியில் ஒரு நண்பன்

காலை வெயில் ஜன்னல் வழியே வந்து, நாற்காலியில் குவிந்து கிடக்கும் அழுக்குத் துணிமேல் சாவகாசமாகப் படுத்திருக்கிறது. தனியாகக் குடியிருக்கும் பல் டாக்டர் அதிலிருந்து ஒரு சட்டையை உருவி, முகர்ந்து, முகத்தைச் சுளித்து, "இன்னைக்கு ஒரு நாள் தாங்கும்" என்று தீர்ப்புச் சொல்கிறார். காலரை மட்டும் குழாயில் காட்டிப் பிழிகிறார். அவ்வளவுதான் சலவை. அதற்குள் அம்மா வீடியோ காலில் வந்துவிடுகிறாள். வாராவாரம் துவைப்பதாக நேற்றுதான் அவளிடம் சத்தியம் செய்திருக்கிறார்.

"பின்னாடி நாற்காலியில யாருடா?"

குவியலின் உச்சியில் தொப்பி. பக்கவாட்டில் ஒரு முழுக்கைச் சட்டையின் கை தொங்குகிறது.

"ஃப்ரெண்டும்மா. தூங்கறான்."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்க்கிறாள். தொப்பி மெல்லச் சரிய, உள்ளிருந்து ஒரு காலுறை எட்டிப் பார்க்கிறது.

"பாவம், ரொம்ப அலுத்துப் போயிருக்கான். எழுப்பி, சோப்புத் தண்ணியில ஊற வை."