முழுப் பெயர்

“சுடலைமாடத்தி ஹாலா?”

டைரக்டர் சற்குணம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஆமா சார். முழுசா அப்படியேதான் எழுதணுமாம். தமிழ்லயும் வேணுமாம்” என்றாள் ஷிஜா.

திருவனந்தபுரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. கல்லூரிக்கு நன்கொடை திரட்டித் தருவது அவள் வேலை. ஆறு வகுப்பறைகளுக்கு ஆள் பிடித்துவிட்டாள். கொடுத்தவர் பெயர் பித்தளைப் பலகையில் ஏறும். அந்தப் பலகைக்குத்தான் எத்தனை பாடு! நகைக்கடைக்காரர் ஒருவர் ஸ்கேலோடு வந்து எழுத்தை அளந்து பார்த்தார். கழிப்பறைக்குப் பக்கத்து அறை வேண்டாம் என்று இன்னொருவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது இரண்டாம் மாடியில் மேற்கு ஓரத்துப் பழைய ஹால். அதைப் புதுப்பிக்க மார்ச்சுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் ஷிஜாவின் கான்ட்ராக்ட் நீளாது. அதை டைரக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கிடைத்தவர்தான் நெல்லையப்பன். பழவங்காடியில் கம்பி, சிமென்ட் கடை வைத்திருக்கிறார்.

“நம்ம பிராஸ்பெக்டஸ் வெளிநாட்டுக்கெல்லாம் போகுது. எவன் வாயில நுழையும் இந்தப் பேரு? எஸ்.எம். ஹால்னு வச்சுக்கச் சொல்லு. இல்லாட்டி அவர் பேரையே வைப்போம். அடுத்த வருஷம் கட்டப்போற பெரிய ஹாலை வேணும்னாலும் தரலாம்.”

“எல்லாம் கேட்டாச்சு சார். அவர் பேரு எங்கயும் வரக்கூடாதாம். அந்தப் பழைய ஹால்தான் வேணுமாம்.”

“அப்ப நீயே பேசி மாத்து. மாத்தாம ஃபாரத்தோட என் முன்னால வந்து நிக்காதே.”

வெளியே வந்தவளை அட்டெண்டர் வேலப்பன் ஓரமாகக் கூப்பிட்டார்.

“பிள்ளே, அந்தச் சிமென்ட் கடைக்காரருக்க பெண்டாட்டி பேரு சீதாலக்ஷ்மியாக்கும். அம்மை பேரு பகவதி. நான் அந்தத் தெருவிலதானே தாமசம், எனக்குத் தெரியாதா? அப்போ இது யாரு?”

கண்ணைச் சிமிட்டினார்.

ஷிஜாவுக்குச் சீ என்று ஆகிவிட்டது. அண்ணாச்சி அண்ணாச்சி என்று அவள் வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷன் இப்படியா? வைப்பாட்டி பெயரை எழுதக் கல்லூரிச் சுவரா கிடைத்தது? ஆனால் வேலை வேண்டுமே. ஹாலை ஒருதரம் பார்க்க வரச் சொன்னாள்.

மறுநாள் காலை நெல்லையப்பன் மாடிப்படியை ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறி வந்தார். மேடையைப் பார்க்கவில்லை, நாற்காலிகளைப் பார்க்கவில்லை. நேரே மேற்கு ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

“பலகையை வாசல்ல வைக்க வேண்டாம்மா. இந்த ஜன்னல் பக்கத்துல வச்சிருங்க.”

“அண்ணாச்சி, எஸ்.எம். ஹால்னு சுருக்கி வச்சா டைரக்டர் சம்மதிப்பார்.”

“சுருக்குறதா இருந்தா எனக்கு வேண்டாம்மா.”

“வீட்டுல சங்கடம் வராதா? நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க.” தன்னையறியாமல் அவள் குரலில் சூடு ஏறியிருந்தது.

“வீட்ல தெரியும்.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எழுபத்தாறுல இந்தக் கட்டடம் எழும்பும்போது அவ இங்க சித்தாளு. கடையநல்லூர்க்காரி. இந்த ஜன்னல் அப்ப வெறும் ஓட்டை. சாந்துச் சட்டியைத் தலையில வச்சிக்கிட்டு வெளியே சாரத்துல நின்னா. கயிறு அத்துப் போச்சு. அதோ, அந்த இடத்துலதான் விழுந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேலையே இல்லாமப் போச்சு.”

ஷிஜாவும் ஜன்னலோரம் வந்து கீழே பார்த்தாள்.

“நஷ்டஈடு ஏதும் கொடுத்தாங்களா அண்ணாச்சி?”

“இங்க வேலை பாத்திருந்தாத்தானே நஷ்டஈடு? அன்னைக்கு அவ வேலைக்கே வரலைன்னு வருகை நோட்டுல இருந்துச்சு. வழியோட போனவ உள்ள வந்து அடிபட்டுட்டான்னு கேஸை முடிச்சாச்சு. புருஷங்காரன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு நாள் கேட்டு வாசல்ல உக்காந்திருந்தான். அப்புறம் ஆளைக் காணோம். கையில நாலு காசு சேர்ந்ததும் கடையநல்லூர் முழுக்கத் தேடிப் பாத்துட்டேன். கிடைக்கல. அவ போயி இருபத்தாறு வருஷம் ஆச்சு.”

ஷிஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நேற்று நினைத்ததை நினைத்து உடம்பு கூசியது. யாரோ ஒரு சித்தாளுக்காக இந்த வயதில் இந்த மனுஷன் மாடி ஏறி வந்திருக்கிறார்.

எஸ்.எம். ஹால் என்று டைப் அடித்துக் கொண்டுவந்திருந்த ஃபாரத்தைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தாள். டைரக்டர் கத்தட்டும். மார்ச்சோடு வேலை போனால் போகட்டும். புது ஃபாரம் ஒன்றை ஜன்னல் திண்டில் விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

“முழுப் பேரையும் நானே எழுதுறேன் அண்ணாச்சி. யாரு கேக்குறாங்கன்னு பாத்துடுவோம். அது சரி, அவ வேலைக்கு வரலைன்னு எழுதினானே ஒருத்தன், அந்தப் படுபாவி கை விளங்குமா?”

நெல்லையப்பன் அவளிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

“அந்த நோட்டு எழுதுன மேஸ்திரி நான்தாம்மா. அவ பேரை அடிச்ச கை இது. இதுவே எழுதட்டும்.”